எல்லாரும் உள்ளேதான் இருக்காங்க

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் சொல்கிறவன் நாக்கு அழுகிப்போகட்டும். அவர் சொன்னார், இவர் சொன்னார் என்று எதையும் இதில் சேர்க்கவில்லை. உள் அறையில் நடந்த பேச்சு அத்தனையும் சத்தக்காரரின் வாயிலிருந்தே நேராக வந்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டும் என்கிறவர்கள் கோர்ட்டுக்குப் போய்க்கொள்ளலாம்.

சத்தக்காரர் என்பது பட்டப்பெயர். வானொலி நாடகங்களில் மழை பெய்தால் அது அவர் தகர டப்பாவில் உருட்டிய அரிசி. குதிரை ஓடினால் அவர் மேஜை மேல் தட்டிய மரக்கிண்ணம். அவர் ஓய்வு பெற்ற அன்று, “இனிமேலாவது அமைதியா இருங்க” என்று எல்லாரும் மாலை போட்டு வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்து பலிக்காமல் போன கதைதான் இது.

அன்று வியாழக்கிழமை. உளவியல் டாக்டரம்மா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, ரெக்கார்டரை மேஜை மேல் வைத்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. போன ரெண்டு பேட்டியும் வீணாப்போச்சு. நாலு வார்த்தை பேசறதுக்குள்ள நீங்க உள்ளே ஓடிடறீங்க. அப்புறம் பதிவு முழுக்க உள்ளே நடக்கிற சண்டைதான் இருக்கு. இன்னிக்கும் இப்படின்னா உங்க பேரை எடுத்துடச் சொல்லிட்டார் எங்க பேராசிரியர்.”

“எடுத்துட்டா?”

“எடுத்துட்டா நான் வரமாட்டேன் சார்.”

சத்தக்காரர் நாற்காலியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

காரணம் இருக்கிறது. வீட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மனைவியின் தம்பி, அதாவது மச்சான். மனைவியின் தங்கை வீட்டுக்காரர், அதாவது சகலை. கூடப் பிறந்த அக்கா. அத்தனை பேர் இருந்தும் அவரிடம் முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசுகிற ஆள் அதில் ஒருவரும் கிடையாது. “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிற ஒரே ஆள் இந்த டாக்டரம்மாதான்.

டாக்டரம்மா முதலில் வந்தது ஃபோனில். அந்த ஃபோன் மணி அடித்தபோது, எடுத்ததும் தவறான எண் என்று வைத்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில் சத்தக்காரர் மூச்சுவிடாமல் பேசினார்.

“வணக்கம், சொல்லுங்க, நான்தான் பேசறேன், வச்சிடாதீங்க.”

“சார், வயசான காலத்துல உணர்ச்சி, பற்று, உடம்பு இந்த மூணுக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு ஆராய்ச்சி பண்றோம். பற்று இருக்கறவங்களை வாராவாரம் நேர்ல வந்து பார்ப்போம். இல்லாதவங்ககிட்ட ஃபோன்லயே கேட்டு முடிச்சிடுவோம். உங்களுக்குப் பற்று இருக்கா சார்?”

எழுதும்போதுதான் பற்று வேறு, பத்து வேறு. வாயில் வரும்போது இரண்டும் ஒன்றுதான்.

“பத்தா? பத்துப் பேரெல்லாம் இல்லம்மா,” என்றார் சத்தக்காரர். பிறகு, நேரில் வருகிற ஆள் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்று பதறிப்போய், “ஒரு நாலஞ்சு பேர் இருக்காங்க. போதுமா?” என்றார்.

“நாலஞ்சு பேரா? கொடுத்து வச்சவர் சார் நீங்க. வியாழக்கிழமை வரேன்.”

அப்படித்தான் ஆரம்பித்தது.

இப்போது சத்தக்காரர் எழுந்தார். “ஒரு நிமிஷம் இருங்கம்மா. எல்லாரையும் வாயை மூடிட்டு இருக்கச் சொல்லிட்டு வரேன்.”

“நீங்க போகாம இருந்தாலே...” என்று டாக்டரம்மா சொல்வதற்குள் உள் அறைக் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

“மச்சான், கெஞ்சிக் கேக்கறேன். ஒரு மணி நேரம் பேசாம இருங்க.”

“நான் எங்கே பேசினேன்? உங்க அக்காவைச் சொல்லுங்க,” என்றார் மச்சான், அடிவயிற்றிலிருந்து.

“என்னை ஏன் இழுக்கறீங்க? ஓசியில தின்னு தின்னு, கத்தறதுக்கு மட்டும் தெம்பு இருக்கு,” என்றார் அக்கா, மூக்கால்.

“யாரு ஓசி? எங்க அக்கா வீட்ல நான் சாப்பிடறேன்.”

“உங்க அக்கா போய்ச் சேர்ந்தாச்சு. இது எங்க தம்பி வீடு.”

சகலை வழக்கம்போல் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசமாட்டார், தும்முவார். அந்தத் தும்மலில் அலமாரியிலிருந்த டம்ளர் உருண்டு விழுந்து, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, கட்டில் காலில் முட்டி நின்றது.

சத்தக்காரர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே கப்சிப். அந்த வீட்டு ஆட்களிடம் ஒரு நல்ல பழக்கம்: அவர் உள்ளே இருந்தால்தான் சண்டை. வெளியே வந்துவிட்டால் மூச்சு விடமாட்டார்கள். வீட்டுப் பெரியவருக்கு அவ்வளவு மரியாதை.

“என்ன சார், இப்படி வேர்த்திருக்கு? மூச்சு வேற வாங்குது,” என்று டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்றினார். முள்ளைப் பார்த்ததும் முகம் மாறியது. “உள்ளே போறதுக்கு முன்னால நல்லாத்தான் இருந்தீங்க.”

“அவங்களை அடக்கறது லேசான வேலையாம்மா?” என்று சொல்லிவிட்டு, சத்தக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரை மடக்கென்று குடித்தார்.

“வாசல்ல செருப்பெல்லாம் தூசி படிஞ்சு கிடக்கே. யாரும் வெளியே போறதில்லையா?”

“யாருக்கும்மா வெளியே வேலை இருக்கு? எல்லாரும் உள்ளேதான் இருக்காங்க.”

“உங்க மனைவி?”

“அவ இல்லம்மா.” சத்தக்காரர் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த வீட்ல யார் பேச்சு வேணும்னாலும் கேக்கும். அவ பேச்சு மட்டும் கேக்காது. அவளை மாதிரி பேச ஒருத்தராலயும் முடியாது.”

டாக்டரம்மா ரெக்கார்டரை லேசாக நகர்த்தி வைத்தார். பிறகு, பேச்சை மாற்றுவதற்காகத்தான், அந்த விபரீதமான கேள்வியைக் கேட்டார்.

“உங்க அக்காவை ஒரு நிமிஷம் கூப்பிடுங்களேன். அவங்ககிட்டயும் ரெண்டு கேள்வி கேட்டுடறேன்.”

சத்தக்காரர் மறுபடி உள்ளே போனார்.

“அக்கா, வெளியே கூப்பிடறாங்க.”

“தலைக்குச் சாயம் பூசிட்டு உக்காந்திருக்கேன். பாதி கறுப்பு, பாதி வெள்ளை. வரட்டுமா? பயந்து ஓடிட்டா அப்புறம் என்னைக் கேக்காதே.”

“அதுக்கு ஏன் சாயம்? உள்ளதைப் பார்த்தாலே ஓடிடுவாங்க,” என்றார் மச்சான்.

அவ்வளவுதான். ஒரு கரண்டி பறந்தது. ஒரு தட்டு விழுந்தது. சகலை தும்மினார். இந்தக் களேபரத்தில் பின்பக்கப் படியில் தடதடவென்று காலடிச் சத்தம். கீழ்வீட்டுத் தையல்காரம்மா சண்டைக்கு வந்துவிட்டார். அவருக்கு மரம் அறுக்கிற குரல்.

“இது வீடா, சந்தைக்கடையா? மேலேயிருந்து சுண்ணாம்பு உதிருது. தைக்கக் கொடுத்த துணியெல்லாம் பாழாப்போகுது.”

“நீ யாரும்மா எங்களைக் கேக்க?” என்றார் அக்கா.

“கேப்பேன். உங்களைப் பெத்தவங்களையும் சேர்த்துக் கேப்பேன்.”

சத்தக்காரர் வெளியே வந்தபோது சட்டை நனைந்து, குரல் கம்மி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். பட்டையை மறுபடி சுற்றினார். இந்தத் தடவை முள்ளை அவருக்குக் காட்டவே இல்லை.

“சார், ஆராய்ச்சி கிடக்கட்டும். இந்த ஆளுங்க உங்க உயிரை வாங்கிட்டிருக்காங்க. எல்லாரையும் அவங்கவங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க.”

“எல்லாரையுமா?”

“எல்லாரையும். இன்னிக்கே.”

சத்தக்காரர் யோசித்தார். கூட்டம் இருந்தால் சத்தத்துக்காகப் பேரை எடுத்துவிடுவார்கள். கூட்டம் போய்விட்டால்? அதுவரை யோசிக்க அவருக்கு நேரமில்லை. டாக்டரம்மா சொல்லைத் தட்ட முடியாமல் உள்ளே போனார். நாலைந்து தரம் பெட்டி இழுபட்டது. “இனி இந்தப் படி மிதிச்சா என்னை என்னன்னு கேளுங்க,” என்றார் மச்சான். அக்கா மூக்கைச் சிந்தினார். சகலை கடைசியாக ஒரு தும்மல் போட்டார். பின்பக்கக் கதவு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகச் சாத்திக்கொண்டது.

“போயிட்டாங்க,” என்று வந்து நின்றார்.

வீட்டில் ஒரு சத்தம் இல்லை. டாக்டரம்மா பெருமூச்சு விட்டு ரெக்கார்டரை அணைத்தார்.

“நல்லது சார். இனிமே உடம்பைப் பார்த்துக்கங்க. இப்ப நீங்க தனியாயிட்டதால, மீதிக் கேள்வியை நாங்க ஃபோன்லயே...”

“அக்கா திரும்பி வந்துட்டா,” என்றார் சத்தக்காரர்.

“எப்ப சார்?”

“இதோ. குடையை மறந்துட்டாளாம். இருங்க, நான் உள்ளே போய்...”

“உக்காருங்க சார்.” டாக்டரம்மா குரல் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தது. “எதுக்கு இப்படிப் பதறறீங்க?”

“நீங்கதானேம்மா ஃபோன்ல பத்துப் பேர் கேட்டீங்க. நான்தான் கெஞ்சி நாலஞ்சாக் குறைச்சேன். இப்ப அதுவும் இல்லேன்னா எப்படி வருவீங்க?”

டாக்டரம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சத்தக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

“பத்து இல்ல சார், பற்று. பாசம், பிடிப்பு. அதுக்குப் பத்துப் பேர் எதுக்கு? ஒருத்தர் இருந்தாலே போதும்.”

“ஒருத்தரா?”

“ஒருத்தர்.”

“யாரா இருந்தாலும் பரவாயில்லையா?”

“பரவாயில்ல.”

சத்தக்காரர் மேஜையின் விளிம்பை விரலால் தேய்த்தார். “வாரத்துக்கு ஒரு தடவைதான் வர்றவங்க. வியாழக்கிழமை மட்டும். அது கணக்குல வருமா?”

டாக்டரம்மா எழுந்தார். அணைத்த ரெக்கார்டரைப் பைக்குள் போட்டார். பட்டையைச் சுருட்டினார். வாசலில் தூசிச் செருப்புகளுக்கு நடுவே தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்த்தார்.

“அடுத்த வியாழன் வரேன் சார். அக்காகிட்ட சொல்லிடுங்க, குடையை மறக்க வேணாம்னு.”

சத்தக்காரர் மேல்படியில் நின்று, காலடிச் சத்தம் இறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது அடிப்படியில் நின்றது. தையல் மெஷினும் நின்றது.

“மேல வந்து அவ்வளவு சண்டை போட்டீங்களே,” என்றது டாக்டரம்மாவின் குரல். “எல்லாரையும் அனுப்பியாச்சு. இனிமே உங்களுக்கும் தொந்தரவு இருக்காது.”

“நானா? நான் எங்கேம்மா மேல வந்தேன்?” பதில் சொன்ன குரல் இழை மாதிரி மெலிந்து, பக்கத்தில் நின்று கேட்டால்தான் காதில் விழும் போலிருந்தது. “அந்த வீட்ல அவரு ஒருத்தர்தான். ஆனா சொல்லி வையுங்க, நேத்து ஒத்திகையிலகூட என் குரலை இவ்வளவு கரகரன்னு பண்ணலியே.”