போஸ்ற்மாஸ்ரர் சாகவில்லை

பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு குலசிங்கம் வாசலுக்கு வந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் அவருடைய மனைவி மீனலோசனியைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள்.

காலை முதல் வள்ளத்தில் வந்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பில் கடலுப்பு வெள்ளையாய்க் காய்ந்திருந்தது. காலடியில் ஒரு பனையோலைக் கடகம் நிறையக் கருவாடு.

"மகள்தான் வாசிச்சுக் காட்டினவள் அக்கா," என்றாள் விம்மலுக்கு நடுவே. "அந்தச் சேட்டைத் தோய்ச்சுத் தோய்ச்சுக் கொடியில போடுற இடம் இருக்கல்லோ, அதுக்கு மேல கேக்க ஏலாமல் போச்சு."

குலசிங்கம் செருமினார்.

"இவர்?" என்றாள் வந்தவள்.

"வீட்டுக்காரர்," என்றாள் மீனலோசனி.

அந்தப் பெண் அவரை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தாள். "இருக்கிறியள் ஐயா. அது காணும், வேறை என்ன வேணும்," என்று கும்பிட்டாள். ஊர் கரம்பொன், பெயர் அந்தோனியம்மா என்று சொல்லி, கருவாட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த வள்ளத்துக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

"இருக்கிறியளாமோ? நான் ஏன் இல்லாமல் இருக்கவேணும்?"

"இஞ்சேருங்கோ, நீங்கள் இன்னும் கதையை வாசிக்கேல்லையோ?"

வாசிக்கவில்லை என்பது உண்மைதான். முந்திய ஞாயிறு பத்திரிகையில் மனைவியின் சிறுகதை வந்ததும் குலசிங்கம் எட்டுப் பிரதி வாங்கினார். முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். நயினாதீவில் அவருக்குத் தெரியாத ஆள் இல்லை. இறங்குதுறையில் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் விரித்துக் காட்டினார். 'மீனலோசனி குலசிங்கம்' என்று அச்சடித்திருந்த பெயரில், இரண்டாவது சொல்லுக்குக் கீழே விரலை வைத்தே காட்டினார். பெருமைப்பட்ட அவசரத்தில் கதையை வாசிக்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

இப்போது வாசித்தார். முகத்து நுரை காய்ந்து உதிர்ந்தது.

கதையை ஒரு பெண் 'நான்' என்று சொல்கிறாள். புருசன் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஞாயிறுதோறும் அவள் அவனுடைய நீலச் சேட்டைத் தோய்த்துக் கொடியில் காயப்போடுகிறாள். இரண்டாவது பொத்தான் இல்லாத நீலச் சேட்டு.

"இது என்ரை சேட்டல்லோ!"

"ஒரு சேட்டு வேணுமாயிருந்தது. கிட்டக் கிடந்ததை எடுத்தனான்."

"சேட்டை எடுத்தீர் சரி. ஆளை ஏன் கடலில விட்டனீர்? எனக்கு வள்ளத்தில கால் வைச்சாலே தலை சுத்திச் சத்தி வரும்!"

"அது கதை."

"கதையெண்டு உமக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியுமோ? சண்டை துவங்கின இந்த ரண்டு மூண்டு வருசமாப் பேப்பரில ஆர் உயிரோட வந்தவன்?"

"அதாலதான் எழுதினனான்," என்றுவிட்டு மீனலோசனி கருவாட்டைக் குசினிக்குள் கொண்டுபோனாள்.

குலசிங்கத்துக்கு வேலணையில் இருக்கும் தங்கை நாகபூசணியின் நினைவு வந்தது. இளகிய நெஞ்சுக்காரி. செய்தி அவள் காதில் விழுமுன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நேரே பழைய கந்தோருக்குப் போய்த் தந்தி எழுதினார்: 'நான் சாகவில்லை. அண்ணன்.' வேலையில் இருந்த காலத்திலேயே சொற்சிக்கனத்துக்குப் பெயர் எடுத்தவர்.

இப்போதைய போஸ்ற்மாஸ்ரர் மயில்வாகனம் அதை இரண்டு தரம் வாசித்தார். "மாஸ்ரர், ஒரு கடிதம் போட்டால் காணாதோ? தந்தியெண்டால் சனம்..."

"முப்பத்திரண்டு வருசம் தந்தி அடிச்ச எனக்குப் படிப்பிக்கிறீரோ? அடியும்!"

மயில்வாகனம் அடித்தார். வேலணையில் தந்திக்காரன் சைக்கிளைப் படலையில் நிறுத்தி, நயினாதீவிலிருந்து என்றதுமே நாகபூசணி நிலத்தில் விழுந்து புரண்டாள். அன்று பின்னேர வள்ளத்தில் பதினேழு பேர் ஒப்பாரியோடு வந்து இறங்கினார்கள்.

"என்ரை அண்ணை! என்ரை ராசா!" என்று மார்பில் அடித்தபடி அவள் படலையைத் தள்ள, உள்ளே நின்று திறந்துவிட்டவர் குலசிங்கம்.

"தந்தியைப் பிரிச்சுப் பாத்தனியோ?"

"தந்தியை ஆரண்ணை பிரிச்சுப் பாக்கிறது?" என்று அவள் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையோடு கோபம் வந்தது. "சாகேல்லையெண்டால் சும்மா இருக்கிறதுதானே! அதை ஆரும் தந்தி அடிப்பினமோ?"

பதினேழு பேருக்கும் மீனலோசனி சோறு போட்டாள். கருவாடு அன்றோடு முடிந்தது.

ஆனால் வள்ளத்தில் கேட்ட ஒப்பாரி அதோடு முடியவில்லை. கூட வந்த பிரயாணிகள் அதை ஊர் ஊராய்க் கொண்டுபோனார்கள். மறுநாள் இறங்குதுறையில் ஒருவர் குலசிங்கத்தைக் கண்டு தண்ணீருக்குள் விழப் பார்த்தார்.

"இனிப் பேப்பரில மறுப்புப் போட்டால்தான் சரிவரும்," என்றார் குலசிங்கம்.

"வேண்டாம்," என்றாள் மீனலோசனி.

"உம்மடை கதையைப் போட்டவங்கள், என்ரை உயிரைப் போடமாட்டாங்களோ?"

போட்டார்கள். 'நயினாதீவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் திரு. குலசிங்கம் அவர்கள் பூரண சுகத்துடன் வாழ்ந்து வருகிறார் என்பதை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் அறியத்தருகிறோம்.' மேலே அவருடைய படம். சுற்றிவரத் தடித்த கறுப்புக் கட்டம். அந்த எண்பத்தாறாம் ஆண்டில் படத்தோடு வருகிற அறிவித்தல் வேறு என்னவாக இருக்கும்? அச்சுக்கோத்தவர் பழகிய கையால் பழகிய பக்கத்தில் வைத்துவிட்டார். படத்தைக் கண்ட சனம் எழுத்துக்குப் போகவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து பழைய தபாலதிபர்கள் நான்கு பேர் மலர்வளையத்துடன் வந்தார்கள். அவர்களில் அம்பலவாணர் நாலு தாளில் இரங்கலுரை வேறு எழுதி வந்திருந்தார். செத்தவரே வந்து படலையைத் திறந்ததும் அம்பலவாணர் தாளையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எழுதிப்போட்டன்," என்றார் கடைசியில். "இவ்வளவு தூரம் கொண்டும் வந்திட்டன். வாசிக்கிறன், இருந்து கேளும்."

குலசிங்கம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். நேர்மை, கண்டிப்பு, ஒரு கடிதமும் தவறாத கடமையுணர்ச்சி எல்லாம் வரிசையாய் வந்தன. அவருக்குக் கண் கலங்கியது.

"அந்த மூண்டாம் தாளை இன்னொருக்கா வாசியும்," என்றார்.

அவர்கள் போனபிறகு மனைவியிடம் சொன்னார்: "பாத்தீரோ, எனக்கு எவ்வளவு மரியாதை எண்டு? எழுதினது நீர். ஆனால் சனம் வாறது எனக்கு."

மீனலோசனி சிரித்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு வரும் ஒழுங்கை முழுக்கப் பெண்களாய் வந்தார்கள். முப்பது பேர் இருக்கும். முன்னால் அந்தோனியம்மா. குலசிங்கம் இப்போது பழகிவிட்டார். சால்வையைத் தோளில் போட்டு, படலையடியில் கதிரை போட்டு ஏறி நின்றார்.

"அன்பான சனங்களே! உங்கட துக்கம் எனக்கு விளங்குது. ஆனால் கடவுள் புண்ணியத்தில நான் சாகேல்லை!"

அவர் பேசி முடியும்வரை பெண்கள் மரியாதையாய் நின்றார்கள். பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள்.

அவர் இறங்கி உள்ளே வந்தபோது மீனலோசனி பாயில் இருந்தாள். பெண்கள் அவளைச் சுற்றி நெருக்கியடித்து இருந்தார்கள். ஒருத்தி அவளுடைய வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்திருந்தாள்.

"உங்கட வாயால வாசியுங்கோ அக்கா," என்றது ஒரு குரல்.

மீனலோசனி வாசித்தாள். சத்தமில்லாத குரல்தான். ஆனால் அடுத்த வரி வருமுன்னே அங்கே சில உதடுகள் அசைந்ததைக் குலசிங்கம் கண்டார். பாடமாக்கி வைத்திருக்கிறார்கள்! ஒரு பெண் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவள், "ஓம், அப்பிடித்தான், அப்பிடியேதான்," என்று தலையாட்டினாள். முப்பது வருடம் தன்னுடைய குசினிக்குள் திரிந்தவளா இவள் என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. யாரையாவது கூப்பிட்டு, 'என்ரை மனுசி' என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆள் இல்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலோரம் இருந்த அந்தோனியம்மாவிடம் மெல்லக் குனிந்தார்.

"பிள்ளை, நான் உயிரோட இருக்கிறதை அண்டைக்கே கண்டனீர். பிறகும் ஏன் இவ்வளவு பேரையும் எனக்காக அழக் கூட்டிக்கொண்டு வந்தனீர்?"

அந்தோனியம்மா அவரை அதிசயமாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கள் செத்ததெண்டு ஆர் ஐயா சொன்னது? கதையில கடலுக்குப் போனது என்ரை மனுசன். இவளவை ஒவ்வொருத்தியும், 'இல்லை, தன்ரை மனுசன்தான்' எண்டு என்னோட சண்டை, அதுதான் அக்காவிட்டையே கேட்டு முடிவெடுப்பம் எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான்."