ரீங்காரத்துக்கு அறுபத்து மூன்று வைத்தியம்

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் செய்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அதில் ஒரு கிளை, தான் எதையும் ரெக்கார்ட் செய்யாமல், செய்கிறவர்களுக்கு இணையக் குழுவில் யோசனை மட்டும் சொல்லும். இன்றைக்கு உங்கள் முன்னால் பிடித்து வந்து நிறுத்தியிருப்பது அந்தக் கிளையில் ஒன்று. பயப்படாதீர்கள், கடிக்காது. "கேபிளை மாத்திப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்கும்.

எங்கள் குழுவில் இவருக்கு 'மாஸ்டர்' என்று பெயர். பகலில் இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. வீட்டில் துணி அலமாரியைக் காலி செய்து உள்ளே மைக்கை நட்டு, சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு, "போத்திக்க ஒரு துணி மிச்சமில்ல இந்த வீட்ல" என்று மனைவி புலம்பினால், "பாத்தியா, துளி எதிரொலி இல்ல" என்று பூரித்துப்போகிற அளவுக்கு அந்த அறையைப் பக்குவப்படுத்தி வைத்திருக்கிறார். சொந்தப் பாட்டா? இருக்கிறதே, நாலு வருடமாக! பதினோராவது நொடியில் ஏதோ உறுத்துகிறதென்று நிறுத்துவார், திருத்துவார், மறுபடி முதலிலிருந்து ஓடவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் குளிக்கும்போது அந்த மெட்டைத்தான் பாடுகிறார். பதினோராவது நொடியில் அவரும் நிறுத்திவிடுகிறார்.

சும்மா சொல்லக் கூடாது, உதவுவதில் தங்கமான மனுஷன். கேள்வியை முழுசாகப் படிக்கத்தான் நேரமிருக்காது.

போன மாதம் கார் ஒர்க்‌ஷாப் பெயிண்டர் ஒருவர் குழுவில் எழுதினார். "ஞாயித்துக்கிழமை எங்க கல்யாண நாள். வீட்டுக்காரிக்காக ஒரு பாட்டு பாடிப் பதிஞ்சிருக்கேன். நடுவுல 'ம்ம்ம்'னு ஒரு ரீங்காரம் வருது. அத எப்படி எடுக்கறது?" கீழே பாட்டையும் இணைத்திருந்தார்.

அவ்வளவுதான், கிளம்பிவிட்டார்கள். கேபிள் என்றார் ஒருவர், எர்த் கம்பி என்றார் இன்னொருவர், மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள் என்றார் மூன்றாமவர். பெயிண்டர் பாவம், அத்தனையும் செய்தார். ஃபேனை அணைத்து வியர்வையில் குளித்தார். ஃபிரிட்ஜை அணைத்தார், பால் திரிந்ததுதான் மிச்சம். மறுபடி பாடினார், ரீங்காரமும் மறுபடி வந்தது. கடைசியில் மாஸ்டர் சத்தத்தை வடிகட்டும் ஒரு மென்பொருளை அனுப்பினார். "இதப் போடுங்க, சுத்தமா வழிச்செடுத்துடும். பழைய பதிவையெல்லாம் உடனே அழிச்சிருங்க. குப்பை சேரக் கூடாது."

"போயிடுச்சு மாஸ்டர்!" என்றார் பெயிண்டர். யோசனை சொன்ன அறுபத்து மூன்று பேரும் கைதட்டினோம்.

அப்போதுதான், புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு நர்ஸ் எழுதினார்: "அண்ணே, அந்த ரீங்காரம் சரணத்துல மட்டும்தான் வருது. அதுவும் உங்க கூடவே சுருதி சேர்ந்து வருது. பக்கத்து ரூம்ல யாரோ பாடுறாங்க."

பெயிண்டர் எழுதினார்: "அடுப்படியில அவ மட்டும்தாங்க இருந்தா. என்னைவிட நல்லாப் பாடுவா. தொண்டையில ஆபரேஷன் ஆனதுலேர்ந்து ஒரு வருஷமாப் பாட்டையே விட்டுட்டா. ஐயோ, எல்லாத்தையும் அழிச்சுட்டேனே! இனி கேட்டா கூச்சப்பட்டு நிறுத்திடுவாளே!"



"பதறாதீங்கண்ணே," என்றார் நர்ஸ். "முதல்ல இங்க போட்டீங்களே, அது அப்படியே இருக்கு."

இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு கணக்கும் இருந்தது. யோசனை சொன்னவர்கள்: அறுபத்து மூன்று. பாட்டைக் கேட்டவர்: ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் அதை ரீங்காரத்தோடு போட்டுக் காட்டினாராம். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த தடவ கதவத் தொறந்து வச்சுப் பாடுங்க" என்றாராம். இதைக் குழுவில் படித்ததும் மாஸ்டர் உருகிப்போய் உடனே பதில் போட்டார்: "கதவத் தொறந்தா எதிரொலி வருமே. போர்வை இருக்கா?"

சிரிக்கிறீர்களா? எர்த் என்று எழுதிய அந்த ஆள் நான்தான். என்னை விடுங்கள். மேலே 'ரீங்காரம்' என்று படித்ததுமே நீங்களும் மனசுக்குள் ஒரு வைத்தியம் சொன்னீர்களே, அது என்ன? ஃபேனா, ஃபிரிட்ஜா?