மேல்பாதி மட்டும்

மடிப்புக்காரர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டை மடிப்புக் கலையாமல் நடப்பவரைச் சொல்லவில்லை. தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை, நல்ல செய்தி முடிந்து கெட்ட செய்தி தொடங்கும் இடத்தில் கச்சிதமாக மடித்து, நகத்தால் நீவி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறாரே, அவரை.

இந்த இனத்தில் நமக்குக் கிடைத்த சாம்பிள், போல்ட் தயாரிக்கும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். பெட்டியில் நூறு போல்ட் இருந்து, ஒன்றின் மரை மயிரிழை பிசகியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, காரணம் எழுதி, பெட்டியையே திருப்பி அனுப்பிவிடுவார். மீதியைப் பார்க்கக் கூடாதா என்று கேட்டால், "தொண்ணூத்தொம்பது சரியா இருக்குன்னு சொல்றதுக்கா எனக்குச் சம்பளம்?" என்பார். பழுதான பல்பிலும் நெளிந்த கரண்டியிலும் ஒட்டுவதற்கென்று வீட்டிலும் ஒரு சுருள் சிவப்பு ஸ்டிக்கர் வைத்திருந்தார். கடமை அப்படி.

இப்பேர்ப்பட்டவருக்கு ரிப்போர்ட் வந்தது. மேல்பாதியில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் என்று உப்புகளும் தாதுக்களும் கைகட்டி வரிசையில் நின்றன. எல்லாம் அளவோடு. கீழ்ப்பாதியில் கொலஸ்ட்ரால், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. டாக்டர் கீழ்ப்பாதியைப் பார்த்து மாத்திரை எழுதினார். நம்மவர் மேல்பாதியைப் பார்த்து, மாத்திரையை இழுப்பறையில் வைத்து மூடினார்.

அன்றிலிருந்து காண்டீனில் தினமும் தரிசனம். எண்ணெயில் பொரித்ததை ஒரு கையால் தீர்த்துக்கொண்டே மறுகையால் காகிதத்தை நீட்டுவார்.

"பொட்டாசியம் பாருங்க, நாலு புள்ளி ரெண்டு. இதயம் துடிக்கறதே இதாலதான்."

ஸ்டோர் கீப்பர் எட்டிப் பார்த்தார். "கீழ என்னமோ மடிச்சிருக்கீங்களே சார்?"

"அது லேப்காரன் விளம்பரம்."

"என் ரிப்போர்ட்டுல அப்படி ஒண்ணும் இல்லியே."

"நீங்க மலிவான டெஸ்ட் எடுத்திருப்பீங்க."

வீட்டில் இந்தப் பாச்சா பலிக்கவில்லை.

"ஏங்க, அந்த மாத்திரை?"

"உப்பெல்லாம் சரியா இருக்கு. உப்பு சரியா இருந்தா சமையல் சரிதானே?"

"உப்பு சரியா இருந்தா அடிப்பிடிச்சது சரியாயிடுமா?" என்றாள் மனைவி.

வீடு இரண்டாவது மாடியில். முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறுவார். இப்போது முதல் மாடித் திருப்பத்தில், மின்சார மீட்டர்கள் மாட்டியிருக்கும் இடத்தில், நின்று அவற்றைக் கூர்ந்து படிக்கிறார். மார்பின் நடுவே யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல இருக்கிறது; அது விலகும்வரை படிக்கிறார். ஐந்து மாதத்தில் எந்தக் குடித்தனம் எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. மின்வாரியத்துக்குக்கூட அவ்வளவு அக்கறை இருந்ததில்லை. அழுத்துகிறதே என்று யாரிடமாவது சொன்னாரா? மெக்னீசியம் சரியாக இருக்கும்போது என்ன சொல்வது?

எந்தக் காகிதம்தான் எத்தனை நாள் மடிப்புத் தாங்கும்? ஒரு காலையில் அது மடித்த கோட்டிலேயே இரண்டாகக் கிழிந்தது. நம்மவருக்குப் பெரிய நிம்மதி. மேல்பாதி சட்டைப்பைக்குப் போனது. கீழ்ப்பாதி குப்பைக்கூடைக்குப் போனது. சீட்டியடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

மறுநாள் காண்டீனில் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடியில் கீழ்ப்பாதி ஒட்டப்பட்டிருந்தது. நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது. அதன் குறுக்கே அவருடைய சிவப்பு ஸ்டிக்கர்: 'ஏற்கத்தக்கதல்ல'. காரணம் என்ற இடத்தில் மனைவியின் கையெழுத்து:

'மீட்டர் பொட்டிகிட்ட நீங்க நிக்கறது மேல எனக்குக் கேக்குது.'

ஸ்டோர் கீப்பர் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"விளம்பரம் நல்லா இருக்கு சார்," என்றார்.

நம்மவர் மூடியைத் திறக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியை அவர் ஒருபோதும் மேலே அனுப்பியதில்லை. எழுந்து போய், அரைநாள் விடுப்புப் படிவம் வாங்கி, காரணம் என்ற இடத்தில் 'மறுபரிசோதனை' என்று எழுதினார். டாக்டர்முன் மேல்துண்டையும், மூடியோடு கீழ்த்துண்டையும் சேர்த்து வைத்தார். மேல்துண்டை டாக்டர் ஓரமாகத் தள்ளினார். "நெஞ்சு அழுத்துதா?" என்று மட்டும் கேட்டார்.

"அஞ்சு மாசமா," என்றார் நம்மவர்.

இவ்வளவும் படித்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒரு மைத்துனரை நினைத்து, 'அப்படியே அவர்தான்' என்று சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ரிப்போர்ட்டை விரித்துப் படியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் சொந்த விஷயம். அதில் மடிப்பு எந்த வரிக்கு மேலே விழுந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பார்க்கும்போது கொஞ்சம் மெதுவாக விரியுங்கள். தேய்ந்திருக்கும்.