இரக்கம் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது

நற்குணங்களை முறைப்படி நிர்வாகம் செய்த முதல் ஊர் செஞ்சி என்பதைச் சரித்திரம் ஒருநாள் ஒப்புக்கொள்ளத்தான் போகிறது. எங்கள் ராஜகிரிக் கோட்டையைப் பிடிக்க மொகலாயப் படை வருஷக்கணக்கில் அடிவாரத்தில் காத்துக் கிடந்தது. நாங்களோ சத்தியம், இரக்கம், பொறுமை உள்ளிட்ட அனைத்தையும் ஒரே சாயங்காலத்தில் பிடித்துவிட்டோம். அதுவும் உலக யுத்த காலத்தில், ஊரே அரிசிக்கு வரிசையில் நின்றபோது.

எல்லாவற்றுக்கும் காரணம் பட்டணத்திலிருந்து வந்த ஒரு பிரசங்கி. "உயிரினும் மேலாக மதிக்கும் குணம் எது என்று அவரவர் கண்டுபிடியுங்கள். பிறகு அதிலிருந்து இம்மியும் விலகாமல் வாழுங்கள்" என்று சொன்னார். சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். நாங்கள் 'செஞ்சி சுயகுண விளக்க சபை'யை ஆரம்பித்தோம். தாலுகா ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அரிகிருஷ்ணன் தலைவர். நான் காரியதரிசி.

முதல் கூட்டத்தில் எல்லோரும் கண்ணை மூடி உள்ளத்தைத் தேடினோம். கண் திறந்தபோது அத்தனை பேருக்கும் ஒரே குணம் கிடைத்திருந்தது: நேர்மை.

"நேர்மை என்னுது. எங்க நைனா காலத்துலேர்ந்து இருக்குது" என்றார் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த தாண்டவராயன்.

"உன்னுதா? போன மாசம் என் மல்லாட்டைய எடை போட்டப்போ அது எங்க போயிருந்துது?" என்று கேட்டார் வில்வண்டி வீராசாமி.

"தராசுல ஏறி உக்காந்துகினு இருந்துது" என்றது பின்வரிசை.

ஏரி மீனோ, ரோட்டோரப் புளியமரமோ, ஒரு பொருளுக்கு இரண்டு பேர் சண்டை போட்டால் எங்களுக்குத் தெரிந்த தீர்ப்பு ஏலம்தான். நற்குணங்களையும் ஏலம் விட்டோம். எடுத்தவருக்கு ஒரு வருஷம் முழு உரிமை. அந்தக் குணத்தில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது.

நேர்மையைத் துணி ரேஷன் கடைக்காரர் எடுத்தார். பொறுமை தலைவருக்குப் போனது. கட்டுப்பாடு வீராசாமிக்கு. இரக்கத்தைத் தாண்டவராயன் எடுத்தார். மண்டி வாசலில் பலகையும் மாட்டினார்.

ஊர் உடனே சீர்பட்டது. பிச்சைக்காரர்கள் வீடு வீடாக அலைய வேண்டியதில்லை. எல்லோரையும் மண்டிக்கு அனுப்பினோம். துணிக்கடைக்காரர் தவிர யாரும் நேர்மையாக நடக்கவில்லை. அவரும் நடக்கவில்லை, ஆனால் அது அவருடைய உரிமை.

ஆடி அமாவாசையன்றுதான் எங்கள் 'அமைப்பின் வலிமை' உலகுக்குத் தெரிந்தது.

காலையில் ஆரோக்கியம் என்பவள் வீராசாமி வீட்டு வாசலில் வந்து நின்றாள். மண்டியில் மல்லாட்டை உடைக்கிறவள். நானும் தலைவரும் அங்கே காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ஐயா, எந் தங்கச்சி அருளம்மா நேத்துலேர்ந்து நோவுல கிடக்கறா. புள்ள குறுக்கால இருக்குதாம். மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். கரியில ஓடற பஸ்ஸெல்லாம் அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிடுச்சு. வண்டி குடுங்க ஐயா."

வண்டி கொட்டகையில் இருந்தது. மாடுகள் அசைபோட்டுக்கொண்டு அவளைப் பார்த்தன.

"வண்டி இருக்குது, மாடும் இருக்குது" என்றார் வீராசாமி. "ஆனா நான் எடுத்தது கட்டுப்பாடு. இரக்கம் தாண்டவராயனோடது. அடுத்தவன் கொல்லையில நான் பூந்து மேயலாமா?"

"அவுரு எங்க?"

"மேல்மலையனூர்ல. நாளைக்கு வந்துடுவாரு. வந்தார்னா தாராளமா இரங்குவாரு."

"நாளைக்கு வரைக்கும் அவ தாங்க மாட்டா ஐயா! இன்னா பேசறீங்க? சும்மா வாணாம். வாடகைக்குக் குடுங்க."

வீராசாமி தடுமாறினார். அவர் கெட்டவர் அல்ல; சபை உறுப்பினர். தலைவரைப் பார்த்தார். தலைவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வாடகைக்கு விடுவது வியாபாரம், அதில் தவறில்லை. ஆனால் இவளுடைய கஷ்டத்தைக் கேட்ட பிறகு விட்டால் வியாபாரத்தில் இரக்கம் கலந்துவிடும். அரிசியில் கல்லைக் கலந்தாலே கேஸ் போடுகிற காலம் இது."

"அப்போ நான் இன்னாதான் பண்றது?" என்றாள் ஆரோக்கியம்.

தலைவர் மனம் இளகிவிடவில்லை. அதற்கு அவருக்கு உரிமை இல்லை. ஆனால் தம்மிடம் இருந்ததை மறைக்கவும் இல்லை. "பொறுமை என்னுடையது அம்மா. உனக்கு எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்" என்றார். இப்படி அள்ளிக் கொடுக்கிற கையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆரோக்கியம் அதை எடுத்துக்கொள்ளாமலே ஓடினாள்.

அவளுடைய தம்பிகள் காஸ்பரும் தோமினிக்கும் இன்னும் இரண்டு பேரும் அருளம்மாளைக் கயிற்றுக் கட்டிலோடு தோளில் தூக்கிக்கொண்டு திண்டிவனம் ரோட்டில் நடந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. வல்லம் வரைக்கும் அவளுடைய சத்தம் கேட்டதாம். தீவனூர் தாண்டுவதற்குள் செத்துப்போனாள். பிள்ளை வெளியே வரவே இல்லை. கட்டில் அதே தோள்களில் திரும்பி வந்தது.

மறுநாள் தாண்டவராயன் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து இறங்கினார். செய்தி கேட்டதும் கொதித்துப் போனார்.

"நான் ஊர்ல இல்லாத நேரம் பாத்து எவன்டா என் இரக்கத்த எடுத்தது? நாலு பேரு தோள் குடுத்தானுங்களாமே! யார கேட்டுத் தூக்கனானுங்க?"

"நீங்க இருந்திருந்தா வண்டிக்குச் சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அது வேற விசயம். சொல்வேன், சொல்லாம இருப்பேன். உரிமை என்னுது."

அவசரக் கூட்டம் கூடியது. முதலில் அனுதாபத் தீர்மானம் வந்தது. தாண்டவராயன் ஆட்சேபித்ததால் விலக்கிக்கொண்டோம். வண்டி கண்ணெதிரே நின்றும் வண்டிக்காரர் மனதைக் கட்டுப்படுத்திக்கொண்டதற்கு ஒரு பாராட்டு. பிறகு, குத்தகைதாரர் அனுமதி இல்லாமல் இரக்கத்தைப் பயன்படுத்திய நான்கு பேர் மீது நடவடிக்கை. அவர்களை அழைத்திருந்தோம். கல்லறையில் மண் வேலை இருக்கிறதென்று அவர்கள் வரவில்லை. ஆரோக்கியம்தான் வந்தாள். தலைமுடியை முடியக்கூட இல்லை.

தலைவர் குற்றச்சாட்டை நிறுத்தி நிதானமாகப் படித்தார். முடிந்ததும் அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எங்க பொண்ண நாங்க தூக்கனது திருட்டுன்றீங்க. சரி. எல்லாத்தயும் ஆளுக்கொன்னா எடுத்துகினீங்களே, வெக்கத்த எடுத்தவரு யாரு? சொல்லுங்க, அவரு கிட்ட பேசிக்கறேன்."

கூட்டத்தில் சலசலப்பு. வீராசாமி தாண்டவராயனைப் பார்த்தார். தாண்டவராயன் துணிக்கடைக்காரரைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் பழைய பதிவுகளைப் புரட்டிவிட்டு, அப்படி ஒரு சரக்கு ஏலத்துக்கே வரவில்லை என்று எழுந்து சொன்னேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு கூலிக்காரி சுட்டிக்காட்டினாலும் குறையைத் திருத்திக்கொள்கிற பெருந்தன்மை எங்கள் சபைக்கு உண்டு. அந்த வாரமே தண்டோரா போட்டு வெட்கத்தை ஏலத்துக்குக் கொண்டுவந்தோம். ஊரின் பெரிய மனிதர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். நான் ஒருதரம் கூவினேன். இரண்டுதரம் கூவினேன். பிறகு, பணம் வேண்டாம், சும்மாவே எடுத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்துப் பார்த்தேன்.

அவ்வளவு பேரில் ஒருவருக்குக்கூட அது தேவைப்படவில்லை.