நான் செய்த பித்தளைக் கடத்தல்

கவலைப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை. (ஏழாவதோடு நின்றவன் சொல்கிறேன், நம்புங்கள்.) வீட்டுப் பூட்டைப் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஜாதி நான்.

அறுபதுகளில் நடந்தது. சுரங்கத் தூசி நெஞ்சை அடைத்து அப்பா போனதும், அவர் வேலைக்கு நான் இறங்கினேன், சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில். பள்ளிக்கூடம் தங்கை எஸ்தருக்கு மட்டும் என்றானது. அவள் மாநிலக் கணக்குப் போட்டியில் பெங்களூர்ப் பையன்களையெல்லாம் தள்ளிவிட்டு முதலாவதாக வந்தாள். தங்கமாக மின்னும் ஒரு மெடல் கொடுத்தார்கள். சான்றிதழ் பிறகு வரும் என்றார்கள். வரவே இல்லை.

அவளுடைய டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அமெரிக்காவுல ஒரு காலேஜ், செலவெல்லாம் அவங்களே பாத்துக்குறாங்க. மார்க்கு எல்லாப் பிள்ளைங்களும்தான் அனுப்பும். நம்ம ஸ்கூலப் பத்தி அவங்களுக்கு இன்னா தெரியும்? ஒரு ஸ்டேட்டையே ஜெயிச்ச பொண்ணுன்னா நின்னு பாப்பாங்க. சான்றிதழ்தான் வரலியே, மெடலை போட்டோ புடிச்சிட்டு வாங்க, நெசம்தான்னு அதுல நான் கையெழுத்துப் போடறேன். நாளைக்கே தபால்ல போவணும்."

ஷிப்ட் முடிந்து ஸ்டுடியோவுக்குப் போகலாம். அதுவரை மெடலை வீட்டில் வைப்பதா? திருடன் வந்தால்? இடுப்பு வேட்டியில் இறுக்கி முடிந்துகொண்டு சுரங்கத்துக்குள் இறங்கினேன்.

தங்கச் சுரங்கத்திலிருந்து வெளியே வருகிற ஒவ்வொருவனையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். என்னையும் தினமும் தடவியவர்கள்தான். திருடனைப் பற்றிய கவலையில் வாசல் காவல்காரரைப் பற்றிக் கவலைப்பட மறந்துவிட்டேன்.

காவல்காரர் கை என் இடுப்பில் நின்றது.

"இன்னாடா இது?"

"மெடலுங்க. தங்கச்சி கணக்குல வாங்கினது."

"உள்ளேயே உருக்கி, வட்டமா ஊத்தி, எழுத்து வேற வெட்டிட்டியா? கெட்டிக்காரன்டா நீ!"

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற முனிசாமி விடவில்லை. "அண்ணாத்த, எனக்கும் ஒண்ணு ஊத்திக் குடு. பொண்ணு கல்யாணத்துக்கு ஆவும்!"

நான் நடுங்கினேன். கள்ளன் நடுக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். (என் கல்யாணத்தன்றும் இப்படித்தான் நடுங்கினேன்.) அம்மாவும் எஸ்தரும் டீச்சரும் வந்து எவ்வளவோ கெஞ்சினார்கள். என்னை விட்டார்கள், மெடலை விடவில்லை. அது பரிசோதனைக்குப் போனது. மறுநாள் போட்டோ இல்லாமலே விண்ணப்பம் தபாலில் போனது.

பல வாரம் கழித்து மெடல் திரும்பி வந்தது. உளியால் ஓரத்தில் ஆழமாக ஒரு வெட்டு.

"அத்தனையும் பித்தளை. எடுத்துக்கினு போ," என்றார் அதே காவல்காரர். தங்கச் சுரங்கத்தில் பித்தளையோடு பிடிபட்ட ஒரே ஆள் என்ற பெருமையோடு வீடு வந்தேன்.

அமெரிக்காவிலிருந்தும் பதில் வந்தது. இடம் இல்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். போட்டோ போயிருந்தால் கிடைத்திருக்குமா? தெரியாது. அந்தத் தெரியாததுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது.

"வுடு அண்ணா. பித்தளைக்கு அமெரிக்காக்காரன் இன்னா தரப்போறான்?" என்று சிரித்தாள் எஸ்தர். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

பிறகு இதே ஊரில் கணக்கு டீச்சர் ஆனாள். போட்டிக்குக் கிளம்பும் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து வந்து, அந்த வெட்டுப்பட்ட மெடலைக் காட்டி அவள் சொல்வது ஒன்றுதான்: "நல்லா ஜெயிச்சிட்டு வாங்க. ஆனா மெடலை மட்டும் எங்க அண்ணன்கிட்ட குடுத்துடாதீங்க."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன், இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே.