பத்து நாள் கழித்து வரவும்

ஒரு காட்டில், அதாவது புலி உறுமுவதற்கே முன் அனுமதி வாங்க வேண்டிய அளவுக்கு முன்னேறிவிட்ட காட்டில், சொர்ணம் என்றொரு கீரி இருந்தாள். அவள் புருஷன் இருளப்பனுக்குக் குளிர் காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். பல் கிடுகிடுக்கும், உடம்பு கொதிக்கும், வியர்த்துக் கொட்டி விட்டுவிடும். மறுநாள் எழுந்து பாம்பு தேடப் போவான். போன வாரம் ஒரு சாரைப் பாம்புக்கு அவன் ஒதுங்கி வழிவிட்டதைச் சொர்ணம் கண்ணால் பார்த்தாள். இப்படியே போனால் ஆள் தேறமாட்டான் என்று பயந்தாள்.

கரடி வைத்தியர் ஒரு கசப்புப் பட்டையைக் கொடுத்து, பதினாலு நாள் விடாமல் கஷாயம் குடிக்க வேண்டும், அந்தி சாய்ந்தால் கொசுவலைக்குள் படுக்க வேண்டும் என்றார். நல்ல வைத்தியம்தான். ஆனால் அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? கொசு ஒழிப்பு அலுவலகத்தில் புகார் கொடு, வீடு தேடி வந்து புகை அடிப்பார்கள் என்றார்கள். சொர்ணம் போனாள்.

அலுவலகத்தின் அதிகாரி ஓர் ஆந்தை. ஆகையால் அந்தி சாய்ந்த பிறகுதான் கதவு திறக்கும். ஜன்னலில் குமாஸ்தா உடும்பு உட்கார்ந்திருந்தார். விதியைப் பிடித்தால் விடமாட்டார்.

"நோயாளி நேர்ல வரணும்மா. காய்ச்சல்னு நீ சொன்னா போதுமா? நான் கண்ணால பாக்க வேண்டாமா?" என்றார்.

மறுநாள் கஷாயத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு, இருளப்பனை முதுகில் சுமந்து வந்து வரிசையில் நிறுத்தினாள். வரிசை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வளைந்து நின்றது. இருளப்பனுக்கு முன்னால் ஒரு முள்ளம்பன்றி, பின்னால் ஒரு புள்ளிமான். இரண்டும் திடமான உடம்பு. குழி விழுந்த பாதையைப் பற்றிப் புகார் கொடுக்கப் போய், ஜன்னல் மாறி வந்தவை. மூன்று பேருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது: பத்து நாள் கழித்து வரவும்.

இங்கே கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆண் கொசு பரம சாது, பூந்தேன் குடித்துப் பிழைக்கும். முட்டையிட வேண்டிய பெண்ணுக்குத்தான் ரத்தம் வேண்டும். அப்படி ஒருத்தி அன்று இருளப்பனைக் கடித்தாள். அவன் ரத்தத்தோடு போன காய்ச்சல் கிருமி அவளுக்குள் பக்குவப்பட்டு, அடுத்தவர் உடம்பில் ஏறத் தயாராக ஏறக்குறைய பத்து நாள் ஆகும். முள்ளம்பன்றியும் மானும் சொன்ன நாளில் சொன்ன இடத்தில் வந்து நின்றன. ஒரு கிருமிக்கு இதைவிட நல்ல அலுவலகம் எங்கே கிடைக்கும்?

சில நாளில் அவை இரண்டும் நடுங்கிக்கொண்டு புகார் கொடுக்க வந்தன. தாங்கிப் பிடிக்க ஆளுக்கு இரண்டு உறவினர்கள் கூட வந்தார்கள். வரிசை நீண்டது.

அலுவலகத்தைக் குறை சொல்லக் கூடாது, ஓயாமல் வேலை செய்தது. புகார் கொடுத்தவர் வளைக்கெல்லாம் புகை அடித்தது. உள்ளே இருந்தவர்கள் இருமியபடி வெளியே ஓடினார்கள். காட்டுப்பன்றிகளின் சேற்றுக்குட்டையை மண் போட்டு மூடியது. பன்றிகள் கண் கலங்கின. இந்தக் கொசுவோ சேற்றுப் பக்கம் எட்டியும் பார்க்காது. தெளிந்த, அசையாத தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும்.

ஐந்தாவது முறை வந்தபோது சொர்ணம் சலித்துப்போய்த் தொட்டியின் மேல் ஏறிப் பார்த்தாள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அதன் மேல் நறுக்கிய வைக்கோல் துணுக்குகளைப் போலப் புழுக்கள் படுத்துக் கிடந்தன. சுவரில் புதுக் கொசுக்கள் தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி உட்கார்ந்திருந்தன. தொட்டிக்கு மூடி இல்லை. தேடிப் பார்த்தாள். மூடி அலுவலக வாசலில் பெயர்ப்பலகையாகத் தொங்கியது. 'தண்ணீரை மூடி வைப்பீர், கொசுவை ஒழிப்பீர்' என்று அதில் அழகாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"ஐயா, அந்தப் பலகையக் கழட்டி தொட்டி மேல போடுங்க. இல்லேன்னா நாலு மீன்குஞ்சு விடுங்க, புழுவெல்லாம் தின்னுடும்" என்றாள் சொர்ணம்.

பலகையைக் கழற்றிவிட்டால் இங்கே கொசு ஒழிப்பு நடப்பது பொதுமக்களுக்கு எப்படித் தெரியும் என்று உடும்பு கேட்டார். பிறகு மனசு இரங்கி, ஒரு படிவம் கொடுத்துப் பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

இதற்குள் ஆந்தையார் உள்ளே உட்கார்ந்து காய்ச்சல்காரர்களின் பட்டியலை ஆராய்ந்திருந்தார். அறுபத்தொரு பேர். அறுபத்தொரு பேரும் அலுவலகத்துக்குப் புகாரோடு வந்தவர்கள், அல்லது கூட வந்தவர்கள். எதற்கும் புகார் சொல்லாமல் கிளையிலேயே கிடந்த தேவாங்குக் கூட்டத்தில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. ஆந்தையார் கண்ணை அகல விரித்தார். காய்ச்சல் புகாரால்தான் வருகிறது என்று கோப்பில் எழுதினார். மறுநாளே ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டார்கள்.

காய்ச்சல் நின்றுவிட்டது.

வேடிக்கை இல்லை, நிஜமாகவே நின்றுவிட்டது. வரிசை இல்லாததால் நோயாளியும் நல்ல உடம்புக்காரரும் அந்தியில் தொட்டியடியில் கூடவில்லை. இருளப்பன் வலைக்குள் படுத்து, பதினாலு நாளும் முகத்தைச் சுளித்தபடி கஷாயம் குடித்து முடித்தான். பதினைந்தாம் நாள் ஒரு நாகத்தைப் பிடித்து வந்து வாசலில் போட்டான். சொர்ணம் அழுதேவிட்டாள்.

ஆந்தையாருக்குப் பாராட்டு விழா நடந்தது. பகல் விழா என்பதால் அவர் மாலையோடு தூங்கிக்கொண்டிருந்தார். குணமான குடும்பத்தார் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொர்ணத்தை அழைத்தார்கள். மைக்கைப் பிடித்தவள் நேரே தொட்டியைப் பார்த்தாள். உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்றுதான் எழுந்திருந்தாள்.

இருளப்பன் அவள் வாலைப் பிடித்து இழுத்தான்.

"வேணாம் சொர்ணம். நீ ஏதாச்சும் குறை சொல்லப் போயி, அவங்க திரும்ப ஜன்னலத் திறந்துட்டா, எனக்குக் காய்ச்சல் வந்துடும்."

சொர்ணத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நிமிஷம் யோசித்தாள். அவன் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்து உட்கார்ந்துகொண்டாள்.

நீதி: குறை சொல்வது உடம்புக்கு ஆகாது. அதுவும் குறை தீர்க்கும் இடத்துக்கே போய்ச் சொல்வது அறவே ஆகாது.