மணல் ஒட்டிய கயிறும் என் புதுக் கத்தியும்

அன்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு,

சம்பந்தி என்ற சொல்லை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறேன். அடித்தல் திருத்தலுக்கு மன்னிக்கவும். அந்தச் சொல்லை எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே.

இங்கு நாங்கள் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் (இதையும் ஒரு தடவை அடித்தேன்) நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் வலது கணுக்கால் எப்படி இருக்கிறது? கயிறு இறுக்கிய இடம் கன்றியிருந்தால் போடுவதற்கு ஒரு களிம்பு தனிப் பொட்டலமாக வருகிறது. காலையும் மாலையும் லேசாகத் தடவினால் போதும், அழுத்தித் தேய்க்க வேண்டாம். மருந்துக் கடைக்காரன் என்ற முறையில் என்னால் ஆனது இது. சம்பந்தி என்ற முறையில் ஆக வேண்டியதைத்தான் அன்றைக்கு ஏரிக்கரையில் கோட்டை விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியிலிருந்து திரும்பியதும் கல்யாணத் தேதியைப் பற்றிப் போனில் பேசலாம் என்று சொல்லியிருந்தீர்கள். போன் வரவில்லை. நானே கூப்பிடலாம் என்று எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நேரில் பேசினாலே உளறுகிற நாக்கு, போனில் கேட்கவே வேண்டாம். என் பெண்ணோ, "சும்மா இருங்கப்பா. நீங்களா போயி எதையும் கெளப்பாதீங்க" என்கிறாள். எப்படிச் சும்மா இருப்பது? வாழப்போகிறவள் அவள், வாயைக் கொடுத்துக் கெடுத்தவன் நான். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கோபித்துக்கொள்ளக் கூடாது, இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் நீங்கள்தான். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு பிஸ்கட் டப்பா கொண்டுவந்தீர்கள். அதைச் சுற்றியிருந்த நாடா முடிச்சு அவிழவில்லை. "வீட்ல கத்தி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டீர்கள். நான் மாடிப்படி இறங்கிக் கீழே கடைக்கு ஓடி, கல்லாப்பெட்டியோடு சணலில் கட்டிப்போட்டிருக்கும் கத்தரிக்கோலை அவிழ்த்து எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "கத்தரிக்கோல் வீட்டுக்குச் சரி சம்பந்தி. நாலு இடம் போற மனுஷன் பையில நல்லதா ஒரு மடக்குக் கத்தி இருக்கணும். என்கிட்ட எப்பவும் இருக்கும்" என்று பேன்ட் பையைத் தட்டிக் காட்டினீர்கள். பையில் கத்தியை வைத்துக்கொண்டு எங்களிடம் ஏன் கத்தி கேட்டீர்கள் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. பிறத்தியார் வீட்டில் சொந்தக் கத்தியை நீட்டுவது மரியாதை இல்லை போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போகும்போது, அடுத்த மாதம் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஏரிக்குப் போகலாம் என்றீர்கள். மலையும் காடும் அளந்து ஓய்வு பெற்றவர் நீங்கள். நானோ வாழ்நாள் பூராவும் மாத்திரை அட்டையைக் கத்தரித்தவன். ஏரிக்குப் போவதற்குள் என் பையிலும் ஒரு கத்தி இருந்தாக வேண்டும் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

என் மனைவியின் தம்பியிடம் யோசனை கேட்டேன். அவன் எதையும் கம்ப்யூட்டரில் பார்த்துக் கரைத்துக் குடித்தவன். "முதல் கத்திதான் மாமா முக்கியம். அலகு உங்க உள்ளங்கை அகலத்துக்கு மேல போகவே கூடாது. துருப்பிடிக்காத ஸ்டீலா பாருங்க. விரிச்சதும் டக்குனு பூட்டிக்கணும், இல்லேன்னா அறுக்கறப்பவே மடங்கி விரலைப் பதம் பாத்துடும். கைப்பிடி ஈரக் கையிலயும் வழுக்கக் கூடாது" என்று மூச்சு விடாமல் அடுக்கினான். "உன்கிட்ட இருக்கிறது எந்தக் கத்தி?" என்றேன். "நான் இன்னும் பாத்துக்கிட்டுத்தான் மாமா இருக்கேன்" என்றான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவனை ஒதுக்கிவிட்டு, நடைபாதைக் கடையில் பதினெட்டு வேலை செய்யும் என்று சொன்ன ஒரு கத்தியை வாங்கிவிட்டேன். அதில் கரண்டி இருந்தது, ரம்பம் இருந்தது, பல் குத்தும் குச்சி இருந்தது, பூதக்கண்ணாடிகூட இருந்தது. எல்லாம் திறந்தன, கத்தியைத் தவிர. குறடு போட்டு இழுத்ததில் கத்தி மட்டும் தனியாகக் கையோடு வந்துவிட்டது. மீதிப் பதினேழும் நன்றாக இருக்கின்றன. கரண்டியை என் மனைவி சர்க்கரை டப்பாவில் போட்டுவைத்திருக்கிறாள்.

பட்டபின் புத்தி வந்து, மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர், "என்ன வேலைக்கு சார் வேணும்?" என்றார். "எல்லா வேலைக்கும்" என்றேன். "எல்லா வேலைக்கும்னு ஒரு கத்தி கிடையாது சார். தினமும் நீங்க என்னத்தை அறுக்கறீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், சம்பந்தி. இந்த வயது வரை நான் எதையுமே அறுத்ததில்லை என்று அந்தக் கடையில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். வெட்கத்தை மறைக்க, கண்ணாடிப் பெட்டியில் இருந்ததிலேயே நீளமான கத்தியைக் கேட்டேன். அவர் அதை என் பேன்ட் பையில் போட்டு, "உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தேன். "இதுக்குத்தான் சார் சின்னதா வாங்கணும்கிறது" என்று சொல்லி, உள்ளேயிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார்.

அதை எப்படிச் சொல்வேன்! மடித்தால் என் உள்ளங்கைக்குள் அடங்கிப்போகிற அளவு. மரக் கைப்பிடி, தேய்த்துத் தேய்த்துப் பட்டுப்போல ஆக்கியிருந்தார்கள். கட்டைவிரலால் தள்ளினால் அலகு விரிந்து டக்கென்று பூட்டிக்கொள்ளும். விரித்து ஆட்டிப் பார்த்தேன், இம்மி ஆடவில்லை. "காகிதத்துல வச்சுப் பாருங்க சார்" என்றார். சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து லேசாக ஓரத்தில் வைத்தேன். அறுத்த சத்தமே கேட்கவில்லை, காகிதம் இரண்டாகக் கையில் நின்றது. அது ஒரு நோயாளி கொடுத்துவிட்டுப் போன டாக்டர் சீட்டு என்பது பிறகுதான் தெரிந்தது. காலை மாத்திரை ஒரு துண்டிலும் இரவு மாத்திரை மறு துண்டிலும் இருந்ததால் பெரிய பாதகமில்லை.

கத்தி வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாது. டி.வி. ரிமோட் வாங்கிய நாள் முதல் கவருக்குள்தான் இருக்கிறது. சோபாவுக்கு உறை, அந்த உறைக்கு மேல் ஒரு விரிப்பு. இப்பேர்ப்பட்ட வீட்டில் அந்தக் கத்தியை அப்படியே பையில் போட்டுக்கொள்ள எனக்கு மனசு வருமா? மெல்லிய துணியில் சுற்றி, மாத்திரை போடும் பிளாஸ்டிக் உறையில் வைத்து, அதை என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து டப்பென்று மூடினேன். அன்று மாலையே ஒரு பார்சல் வந்தது. என் மனைவி, "அந்தக் கத்தியைக் குடுங்க, பிரிக்கலாம்" என்றாள். நான் பதறிப்போய், "அது இதுக்கு இல்ல!" என்றேன். "பின்ன எதுக்கு?" "வெளியில போறப்ப." "வெளியில போயி?" "அங்க எதையாவது அறுக்க." "அங்க அறுக்கறதை இங்கயே அறுத்தா அது என்ன கோவிச்சுக்குமா?" என்று கேட்டுவிட்டு, கீழே போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தாள்.

ஆனாலும் நான் பயிற்சியை விடவில்லை. கடையில் கூட்டமில்லாத நேரத்தில் ஒற்றைக் கையால் திறப்பதும் மடக்குவதுமாக இருந்தேன். ஒருநாள் இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர், கவுன்டருக்குப் பின்னால் நான் கத்தியும் கையுமாகத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "பரவாயில்லைங்க, இருமல் நின்னுடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். படகுத்துறையில் சம்பந்தியம்மாவும் என் மனைவியும் முதலில் படகில் ஏறி உட்கார்ந்தார்கள். படகுக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் தூரத்தில் கரையோரம் நடந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் ஏறப்போன நேரத்தில் காற்றடித்துப் படகு உள்ளே நகர்ந்தது. தரையில் சுருண்டு கிடந்த நைலான் கயிற்றுக்குள் உங்கள் வலது கால் இருந்தது. ஒரு முனை கட்டுத்தறியில், மறு முனை படகில், நடுவில் உங்கள் கணுக்கால்! சுருக்கு இறுகியது. நீங்கள் கட்டுத்தறியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றீர்கள். அப்போது உங்கள் கை ஒன்று பேன்ட் பைக்குள் போனது, பாதி வெளியே வந்தது, பளபளவென்று என்னவோ தெரிந்தது, மறுபடி உள்ளே போய்விட்டது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை. கூட்டில் கத்தி இருந்ததால் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். வரும் வழியெல்லாம் என் புதுக் கத்தியைப் பற்றி நான் பெருமையடித்திருந்தேன் அல்லவா, "சம்பந்தி, உங்க கத்தியை எடுங்க!" என்று நீங்கள் குரல் கொடுத்தீர்கள். அனுபவசாலி ஒருவர் புதியவனுக்குத் தரும் கௌரவம் என்றே எடுத்துக்கொண்டேன். நெஞ்சு விம்மியது.

கூட்டைத் திறந்தேன், உறையைப் பிரித்தேன், துணியை அவிழ்த்து அதைக் கீழே போடாமல் மடித்துப் பையில் வைத்தேன். கத்தி டக்கென்று விரிந்தது. குனிந்து கயிற்றைப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது, சம்பந்தி. ஈரக் கயிறு, முழுக்க மணல். அந்த மணல் என் அலகில் பட்டால் என்ன ஆகும்? அப்போதுதான் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

"சம்பந்தி, கயிறு ஒரே மணலா இருக்கே. லேசா கழுவிட்டு அறுக்கலாமா?"

சம்பந்தியம்மாதான் துடுப்பை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார்கள். படகு கரைக்கு வந்தது, கயிறு தொளதொளவென்று தளர்ந்தது, "காலை எடுங்க" என்றார்கள், நீங்கள் எடுத்தீர்கள். அவ்வளவுதான். என் மனைவி படகிலிருந்து, "என்னங்க, அறுத்தாச்சா?" என்றாள். "இல்ல, கழுவலாமான்னு கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் நீங்கள் சொன்னது இரண்டே வார்த்தை: "நல்ல கத்தி." அந்த இரண்டு வார்த்தையை அன்றிலிருந்து புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். குத்தலா, கோபமா, ஒன்றும் விளங்கவில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாம் இரண்டு பேரும் கயிற்றோடு மல்லுக்கட்டிய நேரத்தில் கரையோரமாக உங்கள் பையன் என்னவோ சொல்ல, என் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு முகம் சரியாகத் தெரியவில்லை, சிரிப்பு கேட்டது. எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகிறது. அந்தச் சிரிப்புக்கு என்னால் ஒரு குந்தகம் வந்தால் நான் தாங்க மாட்டேன். என் கத்தி இதுவரை எதையும் அறுக்கவில்லை. இந்த உறவைத்தான் முதலில் அறுத்தது என்று ஆகிவிடக் கூடாது. உங்கள் கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளை விட்டுவிடுங்கள். கத்தியை நாளைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன். ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத பொருள், மறுக்க மாட்டார்கள். இனி எங்கே போனாலும் கத்தரிக்கோல்தான்.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நல்ல பசியோடும் நல்ல தூக்கத்தோடும், எந்த மருந்துக் கடைப் படியும் ஏற வேண்டிய அவசியமில்லாமல் நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இன்னமும் தங்கள் சம்பந்தி என்று நம்பிக்கொண்டிருக்கும்
மருந்துக் கடைக்காரன்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டு நிமிர்ந்தால், என் மனைவி போனை வைத்துவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பேசியது சம்பந்தியம்மா. "அவர் கத்தியை விரிச்சு நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. பையன் பள்ளிக்கூடம் போறப்ப வாங்கினது, இன்னும் கவரோடதான் பையில போட்டுக்கிட்டுத் திரியறாரு. அன்னைக்கும் பைக்குள்ள கையை விட்டாராம், மணலைப் பாத்ததும் மனசு வரலையாம். உங்க வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்லிட்டாரு, இவர் சொல்லலை, அவ்வளவுதான் வித்தியாசம். சம்பந்தி என்ன நெனைச்சாரோன்னு போனை எடுக்கறதும் வைக்கறதுமா இருக்காரு" என்றார்களாம். தேதியைப் பிள்ளைகள் இரண்டு பேரும் அன்றைக்கு ஏரிக்கரையிலேயே பேசி முடித்துவிட்டார்களாம், நாம் சரி என்று சொன்னால் போதுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். நீங்களும் சொல்லிவிடுங்கள்.

இதைச் சேர்த்து எழுத, ஒட்டிய உறையைத் திறக்க வேண்டியிருந்தது. கத்தரிக்கோல் கீழே, பூட்டிய கடையில். மேசையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. வெட்டிய பழைய உறையையும் இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன், ஓரத்தைப் பாருங்கள், என்ன நேர்த்தி! இனிக் கத்தியைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

(புது உறையின் மேல், முகவரிக்குக் கீழே)
சம்பந்தி அவர்கள் கவனத்துக்கு: பசை தாராளமாகப் போட்டிருக்கிறேன், கையால் கிழிக்க வராது. பையில் இருப்பதை எடுத்து, அதன் கவரைப் பிரித்து, இந்த உறையைத் திறக்கவும். வெறும் காகிதம்தான், மணல் இல்லை.